தேதி போட்டது நான்

ஒரு மனிதருடைய வேலையை நான் பறித்தேன். அதற்காக யாரிடமும் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒரு தாளில் தேதி எழுதினேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, அவளும் போய்விட்டாள்.

இப்போது செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறேன். ஒருவர் ஆணை விரும்புகிறாரா, பெண்ணை விரும்புகிறாரா, தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பதை வைத்து அவருக்கு வேலையோ வீடோ மறுக்கக் கூடாது, அதற்கு மாநிலத்தில் தனிச் சட்டமே வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது பேசும்போது எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர்களான எங்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒரு செட்டியார் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்திய பள்ளி அது. குடும்பத்தில் மூத்தவர் தாளாளர். நல்லவர் என்று ஊரில் பெயர். நானும் இன்றுவரை அப்படித்தான் சொல்வேன். சேர்ந்த அன்று நியமன உத்தரவோடு ஒரு வெள்ளைத் தாளையும் எழுத்தர் நீட்டினார். 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று என் கையெழுத்திலேயே எழுதி, கையொப்பமிட வேண்டும். தேதி மட்டும் போடக் கூடாது. அன்று பல தனியார் பள்ளிகளில் இதுதான் வழக்கம். வேலைக்கு வருகிறவர் வரும் நாளிலேயே விலகல் கடிதமும் கொடுத்துவிடுவார். என்றைக்கு நிர்வாகத்துக்கு அவரைப் பிடிக்காமல் போகிறதோ அன்றைக்கு அவர்கள் தேதி போட்டுக்கொள்வார்கள்.

"சும்மா ஒரு சம்பிரதாயம் சார், பயப்படாம எழுதுங்க," என்றார் எழுத்தர். எழுதிக் கொடுத்தேன்.

புவியியல் ஆசிரியர் எனக்கு மூன்று ஆண்டு பின்னால் வந்தார். சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பருவக்காற்றுப் பாடம் நடத்தும்போது வகுப்பின் எல்லா ஜன்னல்களையும் அடைக்கச் சொல்வார். பிள்ளைகளுக்கு வியர்த்து வழியும்போது தென்மேற்கு ஜன்னலை மட்டும் திறக்கச் சொல்வார். அந்தப் பாடத்தை எவனும் மறந்ததில்லை. என் மனைவிக்கு டைஃபாய்டு வந்த மாதம் என் வகுப்புகளையும் சேர்த்து அவரே எடுத்தார். மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள்.

கல்யாணமாகாத ஆசிரியர்களுக்கு அறக்கட்டளைக்குச் சொந்தமான ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் அறை கொடுத்திருந்தார்கள். அவர் அங்கே தங்கியிருந்தார். சனிக்கிழமை மதியம் அரை நாள் பள்ளி முடிந்ததும் பாசஞ்சர் ரயிலில் கல்லலுக்குப் போவார். திங்கட்கிழமை காலை வண்டியில் திரும்பி நேராகப் பள்ளிக்கு வருவார். கேட்டால், "சொந்தக்காரக வீடு சார்," என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

எழுபதுகளில் அந்தச் சட்டம் வந்தது. தனியார் பள்ளி ஆசிரியர் எவரையும் இனி நினைத்தபடி நீக்க முடியாது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் கேட்க வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். கல்வித் துறையின் முன் அனுமதியும் வேண்டும். அதற்காக ஆசிரியர் சங்கத்தில் நான் உழைத்தவன். சிவகங்கையில் ஊர்வலம் போனபோது முன்வரிசையில் நடந்தவன். சட்டத்தின் விதிகளை வரிவரியாக ஒப்பிப்பேன். அதற்குள் பொறுப்புத் தலைமையாசிரியராகவும் ஆகியிருந்தேன். அந்தத் துணிச்சலில் தாளாளரிடம் பேசி, பீரோவில் கிடந்த பழைய கடிதக் கட்டை வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பிள்ளைகள் போன பிறகு, ஆசிரியர்கள் அறையில் அவரவர் கடிதத்தை அவரவரிடம் கொடுத்தேன். அவரவரே கிழித்துப் போட்டார்கள். தமிழாசிரியர் தன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். "நான் எழுதுனதுலயே சுருக்கமானது இதுதான்யா. பிழையும் இல்ல. கிழிக்கத்தான் மனசு வரமாட்டேங்குது," என்றார். அறையே சிரித்தது. தரையெல்லாம் காகிதத் துண்டு.

புவியியல் ஆசிரியர் அதற்குள் ரயிலுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை பார்த்தபோது, "உங்க கடிதம் என்கிட்ட இருக்கு," என்றேன்.

"நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க சார். இதுக்குப் போயி ஒரு விழாவா?"

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "கிழிச்சாச்சா சார்?" என்று விளையாட்டாகக் கேட்டார். "ஆச்சு," என்றேன். ஆகவில்லை. அது என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை. மறந்தது உண்மை. அதன் பிறகு எத்தனையோ முறை கண்ணில் பட்டும் கிழிக்காமல் விட்டதும் உண்மை.

ஆசிரியர்களுக்குப் பெண் பார்த்து முடித்துவைப்பது தாளாளர் வீட்டு வழக்கம். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்போம். ஆச்சி பார்த்து முடித்த நான்கு கல்யாணம் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே நடந்திருக்கிறது. புவியியல் ஆசிரியருக்கு அவர்கள் கொண்டுவந்த இரண்டு இடங்களை அவர் பணிவாகத் தட்டிக் கழித்திருந்தார். மூன்றாவது, அவர்கள் வயலையும் தோப்பையும் பார்த்துக்கொண்டவரின் மகள். இவரைக் கேட்காமலேயே ஆச்சி ஜாதகம் பார்த்து, பெண் வீட்டாருக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். தை மாதம் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இவர் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆச்சி முகத்துல கரியப் பூசிட்டாரு உங்க வாத்தியார்," என்றார். "நாங்க என்ன பாழுங்கெணத்துலயா தள்ளப் பாத்தோம்? கல்லல்ல எவளையாச்சும் வச்சிருக்காரா? இருந்தா சொல்லிட்டுப் போகட்டும், அதையே முடிச்சு வப்போம். ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் போனேன். கல்லலில் இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டு ஒருவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, நாற்பது வயது இருக்கும். தண்டவாளத்தை வழிமாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவரிடம் போய், காரைக்குடியிலிருந்து சனிக்கிழமைதோறும் வரும் வாத்தியாரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எங்க சாரா? தெரியுமாவா! வாங்கய்யா, வாங்க. நீங்க ஹெட்மாஸ்டர் ஐயாதானே? உங்களப் பத்திப் பேசாத நாளில்ல," என்று என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே வீடு. ஓர் அறை, ஒரு அடுப்படி. உள்ளே என் நண்பர் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"உக்காருங்க சார்," என்றார் ரயில்வேக்காரர், எதுவும் நடக்காததுபோல. "கண்மாய்ல விராலு புடிச்சுக் குடுத்தாக. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீக." பிறகு அவர் பக்கம் திரும்பி, "உப்ப எடுங்க," என்றார். நண்பர் இரண்டு டப்பாவைத் திறந்து மூடினார். "பாத்தீகளாய்யா? ஊர்ப் பிள்ளைகளுக்கு உலகத்தையே சொல்லிக் குடுக்குறவரு. உப்பு எங்குட்டு இருக்குன்னு தெரியாது. பதினோரு வருஷமா அதே எடத்துலதான் இருக்கு."

நண்பர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சுவரில் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் பக்கத்தில் நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறார். நடுவில் காகிதப் பூ ஜாடி. புதுக் கல்யாணத் தம்பதிகளை நிறுத்தி எடுக்கும் படம். அதைப் பார்த்த பிறகு நான் எதையும் கேட்கவில்லை.

மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீனில் முள் எடுத்து, பேச்சை நிறுத்தாமலேயே, ரயில்வேக்காரர் இவருடைய தட்டில் வைத்தார். இவர் அதைக் கவனிக்காமலேயே சாப்பிட்டார். எனக்கு அருவருப்பு வந்ததா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. வந்திருந்தால், அதனால்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். எனக்கு வந்தது பொறாமை. என் வீட்டில் இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு மதியச் சாப்பாடு நடந்ததில்லை.

திரும்பும் வண்டிக்கு நண்பர் கூடவே வந்தார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, "புரிஞ்சிருச்சா சார்?" என்று கேட்டார்.

"புரிஞ்சது."

"எங்களால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. வேலை ஒண்ணுதான் சார் எனக்குப் பிடிமானம். வேலை இருக்குறதாலதான் என்னைய யாரும் கேள்வி கேக்கல. செட்டியார்கிட்ட என்ன சொல்லுவீக?"

"பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்," என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை தாளாளர் வீட்டில் நின்றேன். "பொம்பளை யாரும் இல்லீங்க," என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வேண்டுதல் இருக்கிறது, உடம்புக்குச் சரியில்லை, எதையாவது சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ரயிலில் வரும்போதே இரண்டு மூன்று பொய்கள் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்புறம்?" என்றார். அவர் அப்படிக் கேட்டபோது, வரும் ஜூனில் எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக உயரப்போவதும், அதற்கு நிரந்தரத் தலைமையாசிரியர் நியமிக்கப்போவதும், என்னோடு இன்னொருவர் பெயரும் அடிபடுவதும் என் நினைவில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லை. நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பிள்ளைக படிக்கிற எடம் சார்," என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எந்தப் பிள்ளையிடமும் ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"நிப்பாட்டிருங்க."

"முடியாதுங்க. குற்றச்சாட்டை எழுத்துல குடுக்கணும், விசாரணை வைக்கணும், ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்."

"நீங்கதானே கொடி புடிச்சு அந்தச் சட்டத்தைக் கொண்டாந்தீக? நீங்களே வழியும் சொல்லுங்க. இதையெல்லாம் எழுத்துல எழுத முடியுமா? எழுதுனா நம்ம பள்ளிக்கூடத்துப் பேர் என்னாகுறது?"

சட்டம் முழுவதும் என் தலைக்குள் இருந்தது. எதை எதையெல்லாம் அது தடுக்கிறது என்று தெரிந்தவனுக்கு, எதைத் தடுக்கவில்லை என்பதும் தெரியும்.

"தானா ராஜினாமா செஞ்சா விசாரணை கெடையாதுங்க," என்றேன்.

"அவரு எழுதிக் குடுப்பாராக்கும்?"

"குடுத்திருக்காருங்க."

அந்த வெள்ளிக்கிழமை மதியம், பள்ளியில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை எடுத்தேன். மை கொஞ்சம் வெளுத்திருந்தது. என் பேனாவில் கறுப்பு மை. அதற்கு ஒத்துவரும் நீல மைக்காக எழுத்தரின் பேனாவை வாங்கி, தண்ணீர் ஒரு சொட்டுத் தொட்டு, வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். அவர் ஏழு போடும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார். நானும் போட்டேன். கீழே, 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார், ஏற்கப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை ரயிலிலிருந்து நேராக வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்திருக்கிறார். அவர் பெயரின் மேல் சிவப்புக் கோடு. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

"என்ன சார் இது? தப்பாக் கோடு போட்டுட்டீகளா?"

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தார். தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"கிழிச்சாச்சுன்னீகளே சார்."

அவர் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி மூடினேன்.

"என் ஏழு மாதிரியே இருக்கு," என்றார். கடிதத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். பிறகு, "சரி. அப்பீல் போடுறேன். இதுக்குத்தானே சட்டம் இருக்கு? இனி எதுக்கும் பயப்பட வேண்டாம்னு நீங்கதானே சொன்னீக?"

"போடலாம்," என்றேன். "ஆனா எதுக்காக உங்களை அனுப்ப நினைச்சாகன்னு அங்க கேப்பாக. தாளாளர் சொல்லிருவாரு. அப்புறம் இது பள்ளிக்கூட விவகாரமா இருக்காது, போலீஸ் விவகாரமாயிரும். அதுக்குன்னு தண்டனைச் சட்டத்துல ஒரு பிரிவே இருக்கு. உங்களோட போகாது, கல்லல்ல அவருக்கும் வேலை போயிரும்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவரைக் காப்பாற்றும் சட்டத்திடம் போவதென்றால், அவரைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித்தான் அன்றைக்கு இருந்தது. அதை எடுத்துச் சொல்லி அவரைப் பயமுறுத்தியவன் நான்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வகுப்புல நான் என்ன தப்புப் பண்ணேன்? அத மட்டும் சொல்லுங்க சார்."

"ஒண்ணும் இல்ல."

"ஒன்பதாம் வகுப்புக்கு மழைப்பொழிவு பாதியில நிக்கிது. இன்னைக்கு ஒரு பீரியடு எடுத்து முடிச்சுட்டுப் போறேன். அத மட்டும் விடுங்க."

கூடாது என்றேன். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் வகுப்புக்குள் போவது விதிப்படி தவறு என்றும் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் பின்கட்டு அறையையும் காலி செய்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். அவ்வளவுதான் இருந்தது.

பங்குனியில் ஒரு நாள் முற்பகல், ரயில்வேக்காரர் பள்ளிக்கு வந்தார். உள்ளே வர மறுத்து, சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயே நின்றார். அதே நீலச் சட்டை.

"சாரு சிங்கம்புணரியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காகய்யா," என்றார். "பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி எறங்குறாக. எங்க போனாலும், அந்த வேலைய ஏன் விட்டீகன்னுதான் மொதக் கேள்வி. போன வாரம் கல்லலுக்கு வந்திருந்தப்ப பாத்தேன். காலையில எந்திரிச்சுக் குளிச்சு, சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம கட்டில்லயே உக்காந்திருக்காக. மத்தியானம் வரைக்கும் அப்படியே. எனக்குப் பாக்க முடியல."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னாலதானேய்யா? நான் போயிடுறேன். வடக்கே எங்குட்டாச்சும் மாத்தல் கேட்டா நாளைக்கே குடுப்பாக, அங்கெல்லாம் போக ஆளில்ல. நான் இல்லாட்டி அவுகளத் திரும்பச் சேத்துக்குவாகளா? அத மட்டும் சொல்லுங்க."

புதிய புவியியல் ஆசிரியர் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் மாடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது. ரயில்வேக்காரருக்கு அது யாரோ ஒரு வாத்தியாரின் குரல்.

"நீங்க போயிட்டா... பேசிப் பாக்கலாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என் முன்னால் நிற்பது முடிந்தால் போதும் என்று இருந்தது. அவரும் ஊரை விட்டுப் போய்விட்டால் இந்த விஷயத்தைப் பேச ஆளே இருக்காது என்றும் இருந்தது. இரண்டாவது காரணத்தைத்தான் நான் அதிகம் நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாருக்கு இப்பத் தெரிய வேணாம். தெரிஞ்சா விட மாட்டாக. எனக்கு வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நின்னுக்குவாக. வேலை திரும்பக் கெடச்ச அன்னைக்கு, நான் எந்த ஊர்ல இருக்கேன்னு நீங்களே சொல்லிருங்க. அதுவரைக்கும் சொல்லக் கூடாது. கையில அடிச்சுக் குடுங்கய்யா."

கையை நீட்டினார். கையில் மசகு எண்ணெய்க் கறை. அதன் மேல் என் கையை வைத்தேன்.

ஜூன் மாதம் என்னை நிரந்தரத் தலைமையாசிரியராக நியமித்த உத்தரவு வந்தது. சங்கத்தில் மாலை போட்டார்கள். அடுத்த வாரம் ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. எழுத்துக் கூட்டி எழுதிய பெரிய பெரிய எழுத்துகள்; படிக்க எழுத என் நண்பர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இன்ன ஊர் ஸ்டேஷனில் சேர்ந்துவிட்டேன், தண்ணீர் உப்பு, மற்றபடி குறையில்லை, சாருக்கு வேலை ஆனதும் இந்த ஊரைச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதில் போடவில்லை.

பத்து நாள் கழித்து, மதிய இடைவேளையில் என் நண்பர் வந்தார். இளைத்திருந்தார்; சட்டை மட்டும் தேய்த்த மடிப்போடு இருந்தது. கையில் ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கல்லலுக்குப் போனேன் சார். வீட்டுல வேற ஆள் இருக்கான். பக்கத்து வீட்டுல ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஹெட்மாஸ்டர் ஐயாகிட்டப் பேசிட்டேன், உங்களுக்கு வேலை திரும்பக் கெடைக்கும், கெடச்சதும் அவுகளே என் ஊரச் சொல்லுவாகன்னு."

"ஸ்டேஷன் மாஸ்டரக் கேட்டீங்களா?"

"டிவிஷன் ஆபீஸ்லதான் தெரியும்னாரு. அங்க போனா, நீங்க அவருக்கு என்ன உறவுன்னு கேக்குறாக. நான் என்னன்னு சொல்றது சார்? சினேகிதன்னேன். சினேகிதன்னா உங்ககிட்டச் சொல்லாமயா போவாருன்னு சிரிக்கிறாக." புத்தகத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் வேலை கேட்டு வரல. வேலை ஆகாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. எங்கேயோ உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு ஆகும் நாளைக்கு ஆகும்னு காத்துக்கிட்டு இருக்காரு சார் அந்த மனுசன்."

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்," என்றேன்.

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. உண்மையான காரணம் வேறு. இருவரும் சந்தித்தால், ரயில்வேக்காரர் எந்த நாளில் என்னைப் பார்க்க வந்தார், எந்த நாளில் புது ஆசிரியர் சேர்ந்தார் என்று பேசிக்கொள்வார்கள். காலியே இல்லாத இடத்துக்காக ஒரு மனிதனை ஊரை விட்டு அனுப்பினேன் என்பது தெரிந்துபோகும். அது தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

அவர் புத்தகத்தின் நடுவில் மடித்து வைத்திருந்த ரயில்பாதைப் படத்தை என் மேஜைமேல் விரித்தார்.

"சத்தியம் இருக்கட்டும். நீங்க வாயத் தொறந்து சொல்ல வேணாம். வெரல மட்டும் வைங்க."

இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மானாமதுரையில் விரலை வைத்து, பாதையோடு ஒவ்வொரு ஊராகப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒரு பாதை முடிந்தது. அடுத்த பாதையைத் தொடங்கினார். வெளியே பிள்ளைகள் கைகழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்காவது பாதையில் அந்த ஊர் வந்தது. அதையும் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். அவர் விரலை நகர்த்தி, அடுத்த ஊரின் பெயரைப் படித்தார்.